மகளிடம் சொன்னது, சொந்தத்திடம் சொல்லாதது

என் மகளுக்கு டர்னர் சிண்ட்ரோம். இதைப் பொதுவில் எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "என் பேரு, ஸ்கூல் பேரு, போட்டோ மூணும் போடக்கூடாது. மத்ததை எழுதிக்கோங்க. ஆனா போடறதுக்கு முன்னாடி நான் படிச்சுப் பாப்பேன்" என்றாள். படித்தாள். சில வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஆக, இது பதின்மூன்று வயதுக்காரி ஒருத்தி தணிக்கை செய்து அனுமதித்த பதிவு.

டர்னர் என்று தெரிந்ததும் பெற்றோர் எல்லோரும் டாக்டரிடம் முதலில் கேட்பது உயரத்தைப் பற்றி. அதைச் சத்தமாகக் கேட்போம். இரண்டாவது கேள்வியைப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்போம்: "நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வந்தா...?" இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முதலில் விஷயம் என்னவென்று

மனித செல்லில் 46 குரோமோசோம்கள். பெண்ணுக்கு அதில் இரண்டு எக்ஸ். டர்னரில் ஒரு எக்ஸ் முழுதாகவோ ஒரு பகுதியோ இருக்காது. சிலருக்குச் சில செல்களில் 46, சில செல்களில் 45 என்று கலந்து இருக்கும், அதை மொசைக் என்பார்கள். என் மகளின் ரிப்போர்ட்டில் 45 மட்டும்தான். ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு இது வருகிறது. 1938இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஹென்றி டர்னர் என்ற மருத்துவர், வளர்த்தி இல்லாத, பருவமடையாத ஏழு பேரைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. குறைவது ஒரு குரோமோசோம் என்று கண்டுபிடித்தது 1959இல், பிரிட்டனில் சார்லஸ் ஃபோர்டின் குழு.

பாப்பா பிறந்தபோது புறங்கால் இரண்டும் உப்பியிருந்தன. எங்கள் அம்மாச்சி அதைப் பிடித்துப் பிடித்துக் கொஞ்சுவார். நிணநீர் தேங்கி வரும் அந்த வீக்கம் டர்னரின் அடையாளங்களில் ஒன்று என்பது அவளுடைய எட்டாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடிக்கடி காதில் சீழ், வருஷம் மாறியும் அளவு மாறாத யூனிஃபார்ம், வகுப்பு போட்டோவில் எப்போதும் முன் வரிசை ஓரம் என்று எல்லாம் சேர்ந்து ஒரு குழந்தைகள் நல மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. கேரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆயின.

அறிவுக்கு இதில் குறைவில்லை. பாப்பா கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் சாப்பாட்டை மறப்பாள். ஜியோமெட்ரிதான் தகராறு. படம், திசை, தூரம் தொடர்பான கணக்குகளில் தடுமாறுவது டர்னர் பெண்கள் பலரிடம் உண்டு என்று பிறகு படித்தோம்.

யார் வீட்டு ரத்தம்?

ரிப்போர்ட் வந்த வாரமே வீட்டில் பஞ்சாயத்து கூடியது. என் மனைவி எனக்குச் சொந்த அத்தை மகள். "சொந்தத்துல கட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார் என் அம்மா. அவருக்கும் என் அத்தைக்கும் அந்தக் காலத்திலிருந்தே ஒத்துப்போகாது. புது ரிப்போர்ட்டில் பழைய சண்டை சேர்ந்துகொண்டது.

சொந்தத்தில் கட்டினால் சில மரபு நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. தாயும் தகப்பனும் ஒரே பழுதான மரபணுவைத் தங்களுக்கே தெரியாமல் சுமந்து, இருவருமே அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும்போது வரும் நோய்கள் அவை. டர்னர் அந்த வகை இல்லை. விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது, அல்லது கரு பிரிய ஆரம்பிக்கும்போது, ஒரு குரோமோசோம் தவறிப்போகிறது. அத்தை மகளைக் கட்டினாலும் அடுத்த மாநிலத்தில் பெண் எடுத்தாலும் இது வரலாம். தாயின் வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கிரகணமும் பப்பாளியும் கணக்கிலேயே வராது.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொன்னேன். டர்னர் பெண்களில் பத்தில் ஏழெட்டுப் பேரிடம் இருக்கும் ஒற்றை எக்ஸ், அம்மா கொடுத்தது. காணாமல் போனது பெரும்பாலும் அப்பா பக்கத்துக் குரோமோசோம்தான். "அப்படின்னா இடிச்சது உங்க பையன் பக்கம்தான்மா, நீங்க அத்தையைத் திட்டாதீங்க" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யார் பக்கமா இருந்தா என்ன, பிள்ளைக்கு ஊசியைப் போடு, மணியாச்சு" என்றார். பஞ்சாயத்து அதோடு முடிந்தது.

அந்த ஊசி வளர்ச்சி ஹார்மோன். தினமும் ராத்திரி தொடையில் போட வேண்டும். பேனா மாதிரி இருக்கும், ஃப்ரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஐஸ் பையோடுதான் பயணம். மாதச் செலவு ஐந்து இலக்கம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில் டர்னருக்கான வளர்ச்சி ஹார்மோனும் இடம்பெற்றிருக்கிறது. வசதியில்லாதவர்கள் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் அந்தக் கொள்கையைச் சொல்லி விசாரியுங்கள்.

"இவளுக்குக் குழந்தை பிறக்காது"

ரிப்போர்ட்டைக் காட்டப் போன ஓர் இடத்தில், பெரிய டாக்டர் ஒருவர் ஃபைலிலிருந்து நிமிராமல் இந்த வாக்கியத்தைச் சொன்னார். பக்கத்தில் ஸ்டூலில் பாப்பா உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. வெளியே வந்ததும் "யாருக்குப்பா குழந்தை பிறக்காது?" என்று கேட்டாள். என் மனைவி சட்டென்று, "பெரியவங்க விஷயம், வா ஜூஸ் குடிக்கலாம்" என்று கூட்டிப்போனாள்.

அந்த வாக்கியம் முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. பெண் குழந்தை தன் ஆயுசுக்குமான முட்டைகளோடுதான் பிறக்கிறது. அது ஒரு உண்டியல் மாதிரி. பிறந்த பிறகு யாரும் காசு போடுவதில்லை, செலவு மட்டும்தான். தாய் வயிற்றில் ஐந்தாவது மாதத்தில் அறுபது எழுபது லட்சம், பிறக்கும்போது பத்து இருபது லட்சம், வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். டர்னர் குழந்தைக்கும் ஆரம்பத்தில் அந்த முட்டைகள் இருக்கின்றன. ஆனால் படுவேகமாகக் கரைகின்றன. பலருக்குப் பத்து வயதுக்கு முன்பே, சிலருக்குப் பிறக்கும் முன்பே தீர்ந்துவிடும்.

மருந்தில்லாமல் தானாகப் பருவ மாற்றம் தொடங்கும் டர்னர் பெண்கள் அதிகபட்சம் மூன்றில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோர் மொசைக். இயற்கையாகக் கருத்தரிப்பவர்கள் நூற்றில் சில பேர். அதிலும் கருச்சிதைவு அதிகம். பூஜ்யம் இல்லை, ஆனால் நம்பி உட்காரும் அளவும் இல்லை. ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை, கையிருப்பு எவ்வளவு என்று ஓரளவுக்குக் காட்டும். பாப்பாவுக்கு அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக வந்தது.

கர்ப்பப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சரியாகக் கொடுத்தால் அது வளரும். அதனால் இன்னொருவரின் முட்டையை வைத்துக் கருத்தரிக்க வழி உண்டு. டாக்டர் சொல்லியிருக்க வேண்டியது: "இவளுடைய முட்டையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு." கூட ஒரு மூச்சுதான் ஆகியிருக்கும்.

எடுத்து வைக்கலாமா?

மதுரை பைபாஸில் பத்தடிக்கு ஒரு குழந்தைப்பேறு விளம்பரம். எல்லாவற்றிலும் அதே கொழுகொழு வெள்ளைக் குழந்தை. அவற்றில் ஒன்றில், விவரம் கேட்கப் போன எங்களிடம், "இப்பவே எடுத்து ஃப்ரீஸ் பண்ணிடலாம் சார்" என்று ஒரு பேக்கேஜைச் சொன்னார்கள். என்ன எடுப்பீர்கள், அதில் முட்டை இருக்குமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. எங்கள் ஹார்மோன் டாக்டரம்மா உட்கார வைத்து விளக்கினார்.

பருவமடைந்த பெண்ணுக்கு, அதுவும் மொசைக்காக இருந்து ஏ.எம்.ஹெச். நன்றாக இருந்தால், ஊசி போட்டு முட்டையை வளர்த்து எடுத்து உறைய வைக்கலாம். பருவமடையாத சிறுமிக்கு அது முடியாது. சினைப்பைத் திசுவையே லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்து உறைய வைப்பது ஒன்றுதான் வழி. புற்றுநோய் சிகிச்சைக்கு முன் அப்படி எடுத்து வைத்த திசுவைத் திரும்பப் பொருத்தி பெல்ஜியத்தில் 2004இல் முதல் குழந்தை பிறந்தது. டர்னர் சிறுமிகளுக்கு இது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. நெதர்லாந்தின் நெய்மெகன் நகரில் சுமார் நூறு டர்னர் சிறுமிகளிடம் செய்து பார்த்ததில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம்தான் திசுவில் முட்டைகள் இருந்தன. சுத்தமான 45 உள்ளவர்களிடம் கிடைப்பது அரிது.

பாப்பாவின் ஏ.எம்.ஹெச்.சையும் கேரியோடைப்பையும் வைத்துப் பார்த்தால், வயிற்றில் துளை போட்டு ஒன்றுமில்லாத திசுவை எடுத்து வைக்கும் சாத்தியமே அதிகம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். உங்கள் மகள் மொசைக்காக இருந்தால் இதே முடிவை எடுக்காதீர்கள். காலம் முக்கியம், சீக்கிரம் பரிசோதித்துப் பேசுங்கள்.

என் மனைவிக்கு வேறொரு யோசனை வந்தது. கனடாவின் மான்ட்ரியலில் 2007இல் ஒரு தாய், டர்னர் உள்ள தன் ஏழு வயது மகளுக்காகத் தன் முட்டைகளை உறைய வைத்த செய்தியைப் படித்திருந்தாள். "நானும் குடுக்குறேன், என் பிள்ளைக்குத்தான" என்றாள். நம் நாட்டு நிலைமையைப் பார்த்தோம். 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, முட்டை தானம் செய்பவருடைய வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. தான முட்டையைப் பத்து வருஷத்துக்கு மேல் சேமிக்கவும் முடியாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்காக எடுத்து வைத்தால், அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது கெடு முடிந்துவிடும். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் இடிக்கிறது.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தாலும் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. அம்மா தன் முட்டையைக் கொடுத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால், "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல அந்த மகளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கும்? இதை மனைவியிடம் சொன்னபோது அழுதாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

இதயம்தான் முதலில்

குழந்தை, குழந்தை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தியது ஓர் எக்கோ ரிப்போர்ட். இதயத்திலிருந்து மகாதமனி கிளம்பும் இடத்து வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். பாப்பாவுக்கு இரண்டு. டர்னர் பெண்களில் கணிசமானோருக்கு இது உண்டு. இப்போதைக்குத் தொல்லை இல்லை. ஆனால் இந்தப் பெண்களுக்கு மகாதமனி விரிந்து சுவர் கிழியும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். கர்ப்ப காலத்தில் இன்னும் கூடும். கர்ப்பத்தின்போது கிழியும் ஆபத்து 2 சதவீதமோ அதற்கு மேலோ என்கிறது அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம். அதனால்தான் கருத்தரிப்பதற்கு முன் எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, உடல் அளவுக்குத் தக்க மகாதமனியின் அகலத்தைக் கணக்கிடுகிறார்கள். அகலம் எல்லை தாண்டியிருந்தால் கர்ப்பமே கூடாது என்கிறார்கள்.

தான முட்டையில் கர்ப்பம் என்பது மேலே நான் சொன்னபோது சுலபமாகத் தெரிந்திருக்கும். இதைச் சேர்த்துப் படித்தால்தான் முழுச் சித்திரம். "எப்படியாவது ஒரு பேரனைப் பாத்துட்டாப் போதும்" என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த "எப்படியாவது"க்குள் என் மகளின் உயிர் இருக்கிறது.

வாடகைத்தாய் வழியும் இருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சொந்த முட்டை இல்லாத ஒரு பெண்ணுக்குத் தான முட்டையோடு வாடகைத்தாயை அனுமதித்தது. 2024 பிப்ரவரியில் விதியே மாறியது. மாவட்ட மருத்துவ வாரியம் சான்று கொடுத்தால் தம்பதியில் ஒருவருடைய விந்தணுவோ முட்டையோ இருந்தால் போதும். தத்து எடுக்க மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்யலாம். பாப்பாவுக்கு முப்பது வயதாகும்போது இந்தச் சட்டங்கள் எத்தனை முறை மாறியிருக்குமோ. இன்றைக்கு உட்கார்ந்து அவளுக்கு வழியைத் தேர்ந்தெடுத்து வைப்பதில் அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எப்படிச் சொன்னோம்

ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லவில்லை. எட்டு வயதில், "உன் செல்லுல ஒரு குரோமோசோம் குறையுது, அதான் வளர ஊசி." பதினொன்றில், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தபோது, "மத்த பிள்ளைங்களுக்கு உடம்பே சுரக்கும், உனக்கு மாத்திரையா குடுக்குறோம்." இதை மனைவி சொன்னாள். இரண்டு மூன்று வருஷத்தில் அளவைக் கூட்டி, புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்த பிறகு மாதவிடாய் வரும் என்றும் விளக்கினாள். பாப்பா யோசித்துவிட்டு, "அப்ப மாத்திரையாலதான் வரும்னா, பரீட்சை நேரத்துல வராம லீவுலயா பாத்து வர வைக்கலாமா?" என்று கேட்டாள். டாக்டரம்மாவிடம் சொன்னபோது, ஓரளவுக்கு முடியும் என்று சிரித்தார்.

குழந்தைப் பேச்சு போன வருஷம் வந்தது. அவளேதான் ஆரம்பித்தாள். ஸ்கூட்டரில் டியூஷன் விட்டுக் கூட்டிவரும்போது பின்னாலிருந்து, "அப்பா, ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்ல, அன்னைக்கு அந்த டாக்டர் சொன்னது எனக்குத்தான?" என்றாள். அத்தனை வருஷமும் அதை வைத்திருந்திருக்கிறாள். வண்டியை ஓரம் கட்டினேன். ஆமாம் என்றேன். அவளுடைய முட்டையில் குழந்தை வருவது ரொம்பக் கஷ்டம், தான முட்டை உண்டு, அதற்கு இதயம் சம்மதிக்க வேண்டும், தத்து உண்டு, குழந்தையே வேண்டாம் என்று சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தத்து எடுத்தா அந்தப் பாப்பாவுக்கும் ஊசி போடணுமா?"

"வேணாம்டா."

"அப்ப சரி" என்றாள். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள் என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறாள். மறுநாளும் அதற்கடுத்தும் கேள்விகள் வந்தன. ஒரு முறை சொல்லிவிட்டால் தீரும் விஷயம் இல்லை இது.

சடங்கும் சொந்தமும்

நம் ஊரில் ஒரு பெண்ணின் உடம்பு பந்தல் போட்டு அறிவிக்கப்படுகிறது. பன்னிரண்டு தாண்டினால் கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு மேலே குனிந்து, "இன்னும் ஆளாகலையா?" என்று கேட்பார்கள். பாப்பாவின் வயதுள்ள சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் சடங்கு முடிந்து ஃப்ளெக்ஸும் வைத்தாயிற்று. எங்களிடம் கேட்பவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பதில்: "டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பொய்யும் சொல்வதில்லை, விவரமும் தருவதில்லை. கருத்தரிப்பு பற்றி எங்கள் இருவரையும் டாக்டரையும் தவிர இந்த ஊரில் தெரிந்தவள் பாப்பா மட்டும்தான். அம்மாவுக்கு மேலோட்டமாகத் தெரியும்.

தாய்மாமன் சீர் செய்யக் காசு சேர்த்து வைத்திருக்கிறான். "மாத்திரையில வந்தாலும் வந்ததுதான மச்சான், ஓலைக் குடிசை கட்டிருவோம்" என்றான். பாப்பாவிடம் கேட்டோம். "பட்டுப்பாவாடை வேணும், ஃப்ளெக்ஸ் வேணாம், குடிசை வேணவே வேணாம்" என்று பட்டியல் கொடுத்திருக்கிறாள். நேரம் வரும்போது அந்தப் பட்டியல்படிதான்.

கல்யாணப் பேச்சையும் இப்போதே சிலர் எடுக்கிறார்கள். "வெளிய சொல்லாம முடிச்சுருங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நெருங்கிய பெரியவர் ஒருவர் ஆலோசனை சொன்னார். மறைத்துக் கட்டினால், முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றினார்கள் என்று திருமணத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போக இந்து திருமணச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கோர்ட்டை விடுங்கள். மாசாமாசம் மாமியார் வீட்டில் "விசேஷம் இல்லையா" என்று கேட்கும்போது பொய்யைச் சுமப்பவள் அவள். ஆலோசனை சொன்னவர் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்.

இப்போதுதான் தெரிந்த பெற்றோருக்கு

மகள் வகுப்பிலேயே குள்ளமாக இருந்தால், பதின்மூன்று வயதிலும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றால், "நம்ம வம்சமே லேட்டுதான்" என்று காத்திருக்காதீர்கள். கேரியோடைப் கேளுங்கள். டர்னர் என்று வந்தால் இதயம், சிறுநீரகம், காது, தைராய்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.எம்.ஹெச். பார்க்கும் வயது எது, முட்டை சேமிப்புக்கு வாய்ப்பு உண்டா என்று ஹார்மோன் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் ஒய் குரோமோசோமின் துண்டு இருப்பதாகச் சொன்னால் கட்டி வரும் ஆபத்து உண்டு, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேரன் பேத்தி பார்க்க வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கும். இல்லையென்று ஆகும்போது வலிக்கும். அந்த வலியை நாம் இரண்டு பேரும் ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு பேசித் தீர்க்கலாம், கவுன்சலிங் போகலாம். அதைப் பிள்ளை தலையில் இறக்கக் கூடாது. அவள் கருத்தரிப்பாளா, தத்தெடுப்பாளா, எதுவும் வேண்டாம் என்பாளா என்பது அவள் வளர்ந்து சொல்ல வேண்டியது. அதுவரை நமக்கு இரண்டு வேலை இருக்கிறது. அவளுக்குத் தெரிய வேண்டியதை ஊருக்கு முன் அவளிடம் சொல்வது ஒன்று. எக்கோ தேதியைத் தவறவிடாமல் இருப்பது இன்னொன்று.